கவிழ்த்து வைத்த சீட்டு

அவருடைய கட்டைவிரல் மட்டும்தான் அசைந்தது, மற்றபடி ஆள் அசையவே இல்லை. எதிரே உட்கார்ந்திருந்த ஜெர்வின் உருட்டிய பகடை மேசை விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தது, "ஒரு நிமிஷம் சார்" என்று அவன் குனிந்தான், வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளும் அவனோடு சேர்ந்து குனிந்தார்கள், ஆட்டத்தை நடத்துகிற நிவேதா சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பலகையில் ஏதோ எழுதத் திரும்பியிருந்தாள். அந்த நேரம் பார்த்து சௌந்தரவல்லியின் கணவர் வைத்திலிங்கத்தின் வலது கை, அவசரம் என்பதே இல்லாமல், விளையாட்டுப் பலகையில் பொம்மைக் குதிரைகள் ஓடும் பாதையின் நடுவில் நீளமாக வைத்திருந்த மரவேலியைத் தாண்டிப் போய், ஜெர்வின் கவிழ்த்து வைத்திருந்த சீட்டின் ஓரத்தைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு நெல்மணி உயரத்துக்குத் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கியது. திரும்பி வந்த கை, வருகிற வழியிலேயே, தாம் கவிழ்த்து வைத்திருந்த சீட்டை எடுத்துவிட்டு வேறொன்றை அதே இடத்தில் அதே கோணத்தில் வைத்தது. வைத்த பிறகு மடிமேல் போய்ப் பூனைக்குட்டி மாதிரி படுத்துக்கொண்டது. சௌந்தரவல்லி அவருக்கு இடது பக்கத்தில், முழங்கை இடிக்கிற நெருக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முழுசாகப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குக் காது இரண்டும் அடைத்துக்கொண்டன. ஏசி இரைகிற சத்தம், கீழே கடையில் காப்பி இயந்திரம் சீறுகிற சத்தம், மேசைக்கடியில் "இங்க இல்லடா, அங்க" என்கிற சத்தம், எல்லாம் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி தூரப் போய்விட்டன.

சீட்டைச் சரிப்படுத்தியிருப்பார். அப்படித்தான் இருக்கும். எதுவும் கோணலாக இருந்தால் அவருக்குப் பொறுக்காது, வாசலில் கழற்றிப் போட்ட அடுத்தவர் செருப்பைக்கூட ஜோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார், செஸ் பலகையில் ஒவ்வொரு காயும் கட்டத்தின் நட்டநடுவில் நின்றாக வேண்டும், இட்லித் தட்டுக்குக்கூட அவர் வீட்டில் ஒரு திசை உண்டு. பையன் சீட்டைக் கோணலாக வைத்திருந்தான், இவர் நேராக்கினார், அவ்வளவுதான், என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், சொன்னதும் மூச்சு கொஞ்சம் இறங்கியது. ஆனால் நேராக்குகிறவர் தூக்கிப் பார்ப்பாரா? சரி, தூக்கினார் என்றே வைத்துக்கொண்டாலும், தம்முடைய சீட்டை எதற்கு மாற்ற வேண்டும்? அங்கேதான் எண்ணம் போய் முட்டியது, முள்ளில் மாட்டிய முந்தானை மாதிரி எந்தப் பக்கம் இழுத்தாலும் அங்கேயே நின்றது. சீட்டை மாற்றினார். வைத்தது வைத்ததுதான், மாற்றக் கூடாது என்று நிவேதா இரண்டு தடவை சொன்னாள், அதைக் கேட்டு "ரொம்பச் சரி, அப்படித்தான் இருக்கணும்" என்று தலையை ஆட்டியவர் இவர்தான். அவள் மெதுவாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். ஒன்றுமில்லை அங்கே. காலையில் செய்தித்தாள் படிக்கிற முகம், விபூதி இட்டுக்கொள்கிற முகம், முப்பது வருஷமாக அவளுக்குப் பழகிய முகம். திருட்டுத்தனம் செய்தால் முகத்தில் ஏதாவது தெரியும், வியர்க்கும், எச்சில் விழுங்குவார்கள் என்றெல்லாம் அவள் நினைத்திருந்தாள். இதில் ஒன்றுகூட இல்லை. முதல் தடவை செய்கிறவனுக்கு விரல் நடுங்கும். இந்த விரல் நடுங்கவில்லை.

எதற்காக? அதுவும் பிடிபடவில்லை. ஜெயித்தால் கிடைக்கப் போவது ஒரு பீங்கான் கோப்பை, அதில் ஒரு குதிரைப் படம். ஞாயிற்றுக்கிழமை காலையில், தில்லைநகரில் ஒரு காப்பிக்கடையின் மாடியில், இளவட்டப் பிள்ளைகள் வாராவாரம் கூடி ஆடுகிற பலகை விளையாட்டு. நிவேதா ஒரு காலத்தில் அவரிடம் செஸ் படித்த பெண், இப்போது ஏதோ கணினி வேலை, "சார் நீங்க ஒரு தடவை வந்து பார்க்கணும் சார், ஆன்ட்டியையும் கூட்டிட்டு வாங்க" என்று நாலு வாரமாகக் கூப்பிட்டுக் கொண்டிருந்தாள். வந்தால் மேசைமேல் இந்தப் பெட்டி. ஐந்நூறு வருஷத்துக்கு முந்தி ஐரோப்பாவில் இரும்புச் சட்டை போட்ட வீரர்கள் குதிரை மேல் ஏறி, நடுவில் ஒரு வேலி, அந்தப் பக்கம் ஒருவன் இந்தப் பக்கம் ஒருவன், நீள ஈட்டியை நீட்டிக்கொண்டு ஓடிவந்து ஒருத்தனை ஒருத்தன் குத்தித் தள்ளுவார்களாம், ராஜாக்களும் சீமாட்டிகளும் பந்தல் போட்டு உட்கார்ந்து பார்ப்பார்களாம். அதைத்தான் விளையாட்டாகப் பண்ணியிருக்கிறார்கள். ஈட்டியைத் தலைக்குக் குறி வைக்கிறாயா, மார்புக்கா, கேடயத்துக்கா என்று சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட வேண்டும், பகடை போட்டுக் குதிரையை நகர்த்த வேண்டும், இரண்டு குதிரையும் நேருக்கு நேர் வந்ததும் சீட்டைத் திருப்ப வேண்டும். ஒவ்வொரு வீரனுக்கும் ஈட்டி எடுத்துக் கொடுக்க ஒரு ஆள். "நாம எடுபிடின்னு வச்சுக்கலாம், ஆன்ட்டி நீங்க சாருக்கு எடுபிடி" என்று நிவேதா சொல்ல, "அது புதுசா என்ன" என்று இவள் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். இவளும் சிரித்தாள். தீக்குச்சியைவிடக் கொஞ்சம் பெரிசான மர ஈட்டிகள் இப்போதும் அவள் உள்ளங்கையில்தான் இருந்தன, வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தன. அப்புறம் நிவேதா, அவள் வாயில் நல்லதுதான் வரும், அந்தக் காலத்து வீரனுக்கு ஜெயிப்பதைவிட மானம்தான் பெரிசு, எதிராளியின் குதிரைமேல் ஈட்டி பட்டால்கூட அவனை வெளியே அனுப்பிவிடுவார்கள் என்றெல்லாம் சொல்லிவிட்டு, "நம்ம சாரை விட்டா இந்த ஆட்டத்துக்குப் பொருத்தமான ஆள் யாரு, சொந்தப் பையன்னுகூடப் பார்க்காம தண்டிச்சவர்" என்றாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். வைத்திலிங்கம் கையைத் தூக்கி, வேண்டாம் வேண்டாம் என்கிற மாதிரி அசைத்தார். அதே கையைத்தான்.

கபிலன். அந்தப் பெயருக்கு வந்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. இவ்வளவு நேரமும் மனசு சுற்றிச் சுற்றி வந்தது இந்த இடத்துக்கு வராமல் இருக்கத்தான் போல. பதினைந்து வயசு அவனுக்கு. மாவட்டப் போட்டி, கடைசிச் சுற்று, ஜெயித்தால் மாநில அணிக்குப் போவான். அப்பாதான் தலைமை நடுவர். பாதி ஆட்டத்தில் தண்ணீர் குடிக்க எழுந்து போனான், குழாயடியில் அவன் கூட்டாளி வசந்த் நின்றிருந்தான், திரும்பி வந்து உட்கார்ந்த கபிலன் யாரும் எதிர்பார்க்காமல் குதிரையைத் தூக்கி வெட்டுக் கொடுத்தான், எதிராளி திணறிப் போனான். வைத்திலிங்கம் நேரே நடந்து போய்க் கடிகாரத்தை நிறுத்தினார். குழாயடியில் வசந்த் 'குதிரையைக் கொடுத்துடு' என்று சொன்னது தம் காதில் விழுந்தது என்றார். "அவன் சினிமாவுக்கு வர்றியான்னுதாம்ப்பா கேட்டான்" என்றானாம் கபிலன். வசந்த்தும் அதையே சொன்னானாம். கேட்டவர் ஒருவர், மறுத்தவர் இரண்டு பேர். ஆனாலும் ஒரு அப்பன் சொந்த மகன்மேல் பொய்ப்பழி போடுவானா? அதுவும் வைத்திலிங்கம் சார்? வேறு சாட்சியே யாரும் கேட்கவில்லை. இரண்டு வருஷம் எந்தப் போட்டியிலும் ஆடக் கூடாது என்று தீர்ப்பு. பையன் அதற்குப் பிறகு காயைத் தொடவே இல்லை, அப்பாவோடு பேச்சு ஒரு சொல் இரண்டு சொல் என்று குறைந்து நின்றே போனது, படிப்பு முடித்ததும் புனேயில் வேலை என்று கிளம்பியவன் திரும்பி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அவளுக்கு மட்டும் போன். ஊர் என்னமோ கொண்டாடியது. கல்யாண மண்டபம் பிடித்துப் பாராட்டு விழா வைத்தார்கள், பேசின எல்லாரும் மனுநீதிச் சோழன் மனுநீதிச் சோழன் என்றார்கள், அவளையும் மேடை ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். அவளுக்குப் பெருமையாக இருந்தது. இல்லை என்று சொல்ல முடியுமா? இருந்தது. திருவாரூர்க்காரி அவள், கல்தேர் இருக்கிற தெரு வழியாகத்தான் பள்ளிக்கூடம் போனாள், சக்கரத்துக்கு அடியில் மகன், பக்கத்தில் செத்த கன்று, அதன் தாய்ப்பசு, எல்லாருக்கும் அங்கே இடம் உண்டு. அந்தப் பையனைப் பெற்றவள் எங்கே நின்றாள்? சிறுபிள்ளையில் அவளுக்கு அது தோன்றியதே இல்லை. அன்றைக்கு மேடையில் பட்டுப்புடவையோடு நின்றபோதும் தோன்றவில்லை. வீட்டுக்கு வந்தால் அடுக்களை முழுக்கத் தோசை கருகின வாசனை, கபிலன் தானே ஊற்றித் தின்றுவிட்டுப் படுத்திருந்தான், அவள் போர்வையை இழுத்து விட்டுவிட்டு வந்தாள்.

"கிடைச்சிடுச்சு சார்" என்று ஜெர்வின் மேசைக்கடியிலிருந்து எழுந்தான், முகம் சிவந்து, கையில் பகடை. பல் மருத்துவம் படிக்கிற இளைஞன், கள்ளமில்லாத சிரிப்பு. பகடையை உருட்டினான், சிவப்புத் துணி போர்த்திய தன் குதிரையை நாலு கட்டம் நகர்த்தினான். வைத்திலிங்கம் உருட்டினார், நீலத் துணிக் குதிரை இரண்டு கட்டம் வந்தது. அது அவர் கையில் வருகிறபோது எவ்வளவு பதவிசாக வருகிறது! சௌந்தரவல்லி அந்தக் கையையே பார்த்தாள். இந்தக் கை நெஞ்சில் வைத்துச் சொன்னதை எல்லாம் அவள் அப்படியே வாங்கி வைத்திருக்கிறாளே. ஒன்றைக்கூட உரசிப் பார்த்ததில்லையே. அவளுடைய அம்மா போன அன்றைக்கு, "பதறாத, மூச்சு இருக்கு, நீ மெதுவா வா" என்று போனில் சொன்னார், அவள் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அம்மாவுக்கு மூச்சு இருக்கிறது மூச்சு இருக்கிறது என்று சொல்லிக்கொண்டே போனாள், போய்ச் சேர்ந்தபோது இல்லை. இப்போதுதான் முடிந்தது என்றார். இப்போதுதானா? தொட்டுப் பார்த்தபோது அம்மாவின் கால் ஏன் அவ்வளவு குளிர்ந்திருந்தது? ஐயோ, எங்கே போகிறாய், சௌந்தரா, அது உன் நன்மைக்குச் சொன்னதாக இருக்கும், எல்லா ஆம்பிளையும் சொல்வான். எல்லா ஆம்பிளையும் சொல்வான்தான், இவர் சொல்லமாட்டார் என்றுதானே இத்தனை நாளும். விடியற்காலை ஐந்து மணிக்கு, ஒரு ஈ காக்காய் இல்லாத தென்னூர் ரோட்டில், சிவப்பு விளக்குக்கு வண்டியை நிறுத்திக் காத்திருக்கிற மனுஷன். தேங்காய்க்காரன் கணக்குத் தவறி ஒரு காய் கூடப் போட்டுவிட்டான் என்று பையோடு திரும்பி நடந்த மனுஷன். பின்னால் உட்கார்ந்திருக்கிற அவளுக்குச் சில சமயம் எரிச்சல்கூட வரும், ஆனால் ராத்திரி படுக்கிறபோது, இந்த ஆளை நம்பிக் கண்ணை மூடலாம் என்கிற நிம்மதி. அது வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி. அஸ்திவாரத்தை யார் தோண்டிப் பார்ப்பார்கள்? குழாயடியில் உண்மையிலேயே அப்படி ஏதாவது காதில் விழுந்ததா? விழாமலே சொன்னாரா? பெயர் எடுக்கவா? குதிரையைக் கொடுத்த ஆட்டம் அவ்வளவு நன்றாக இருந்ததே, பதினைந்து வயசுப் பையனுக்குத் தமக்குத் தோன்றாத ஒன்று தோன்றிவிட்டதே என்று பொறுக்கவில்லையா? சீ. என்ன நினைப்பு இது. ஆனால் ஒரு தடவை நினைத்தாகிவிட்டது, வாயிலிருந்து துப்பினாலும் கசப்பு போகாத மாதிரி அது போகமாட்டேன் என்றது. அம்மாவாக இருந்துகொண்டு, அவன் சொன்னதை விட்டுவிட்டு இந்தக் கட்டைவிரலை நம்பினாளே.

"ஈட்டியைக் கொடு" என்றார் வைத்திலிங்கம். குதிரைகள் இரண்டும் நேருக்கு நேர் வந்துவிட்டன, ஒரு கட்டம்தான் பாக்கி, பிள்ளைகள் மேசையைச் சுற்றி நெருக்கியடித்து நின்றார்கள், யாரோ போனில் படம் எடுத்தார்கள். அவள் கொடுக்கவில்லை. விரல் மடங்கியே இருந்தது, பிரிக்க வரவில்லை. "சௌந்தரா, ஈட்டி" என்றார் மறுபடி, குரலில் சின்ன அதட்டல். அவள் அவர் காதுப் பக்கம் சாய்ந்து, "அன்னைக்குக் குழாயடியில நிசமாவே உங்க காதுல விழுந்துச்சா?" என்று கேட்டாள். "எது?" என்றார். "வசந்த் சொன்னது. குதிரையைக் கொடுன்னு." அவர் திரும்பி அவளைப் பார்த்தார். அவள் கண்ணையும், பிறகு அவள் கண் போன திசையில் தம் கட்டைவிரலையும் பார்த்தார். பார்த்துவிட்டாள் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது, அது அவளுக்கும் தெரிந்தது, ஒரு கணம் அந்த முகத்தில் அவள் பார்த்தேயிராத ஒரு ஆள் எட்டிப்பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டான். "விளையாடுற நேரத்துல என்ன பேச்சு இது" என்றார். விழுந்தது என்று சொல்லவில்லை. ஒரு வார்த்தை, ஆமாம் என்று ஒரு வார்த்தை, சொல்லவில்லை. அப்போதுதான், யோசித்துச் செய்தாள் என்று சொல்ல முடியாது, வாய் தானாகத் திறந்தது: "நிவேதா, இவர் அந்தத் தம்பியோட சீட்டைத் தூக்கிப் பார்த்துட்டார்ம்மா. பார்த்துட்டுத் தன் சீட்டை மாத்தி வச்சுட்டார்."

குபீரென்று சிரிப்பு. நிவேதா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், "ஆன்ட்டி! சாரையா! ஐயோ, எடுபிடி கட்சி மாறிட்டாங்க!" என்றாள். போனில் படம் எடுத்தவன், "இதைத்தான் ஆன்ட்டி ஸ்டேட்டஸ் போடப் போறேன்" என்றான். ஜெர்வின்கூடச் சிரித்துக்கொண்டே, "பரவால்ல ஆன்ட்டி, சார் பார்த்தா பார்த்துட்டுப் போறார்" என்றான். "விளையாட்டுக்குச் சொல்லலப்பா, என் கண்ணால பார்த்தேன், நீ குனிஞ்சப்போ" என்றாள், குரல் ஏறிப் பிசிறடித்தது, அந்தப் பிசிறைக் கேட்டுச் சிரிப்பு கொஞ்சம் அடங்கி, ஒரு சங்கடம் பரவியது, அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள், வயசான அம்மாவுக்கு என்னமோ ஆகிவிட்டது என்கிற பார்வை. வைத்திலிங்கம் அப்போதும் இல்லை என்று சொல்லவில்லை. புன்னகை செய்தார். "புதுக் கண்ணாடி மாத்தியிருக்கா, இன்னும் பழகல" என்றார். அவ்வளவுதான், எல்லாருக்கும் மூச்சு வந்தது, "அதான பார்த்தேன்" என்றாள் நிவேதா. கண்ணாடி மாற்றியது உண்மை. போன மாதம் மாற்றினாள், அவரேதான் கூட்டிக்கொண்டு போனார். உண்மையையே எடுத்து எவ்வளவு லாவகமாக உபயோகிக்கிறார்! சௌந்தரவல்லி உள்ளங்கையை விரித்தாள், ஈட்டிகள் மேசையில் உதிர்ந்தன. எழுந்தாள், நாற்காலி பின்னால் சாய்ந்து சுவரில் இடித்தது. உள்ளது உள்ளபடி சொல்லி நின்றால் ஊரே சிரிக்கும், சொன்னவனுக்கு வாய் அடைத்துப் போகும், இப்படித்தானே, இதே மாதிரி ஒரு கூடத்தில்தானே, அரைக்கால் சட்டைக்கும் முழுக்கால் சட்டைக்கும் நடுவிலிருந்த என் பிள்ளை நின்றிருப்பான், சுற்றிலும் ஒரு முகம்கூட அவன் பக்கம் இல்லாமல். "கீழ போய்க் கொஞ்சம் காத்தாட நிக்கிறேன்" என்று யாரிடமென்று இல்லாமல் சொல்லிவிட்டுப் படி இறங்கினாள். யாரும் கூட வரவில்லை. அவரும் வரவில்லை.

தெருவில் வெயில் அறைந்தது. கண்ணுக்கு முன்னால் எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது, ஆட்டோ ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு ஒதுங்கிப் போனது, எதிர்ச்சாரியில் இளநீர்க்காரர் சீவுகிற சத்தம் ஒவ்வொன்றும் மண்டைக்குள் விழுந்தது. போனை எடுத்தாள், விரல் மாறி மாறி வேறு பெயர்களைத் தொட்டது. கடைசியில் மணி போனது. ஞாயிற்றுக்கிழமை, தூங்குவானோ, எடுக்காவிட்டால் என்ன செய்வது, எடுத்தால் என்ன சொல்வது, எங்கே ஆரம்பிப்பது என்று நினைப்பதற்குள், "என்னம்மா, என்ன ஆச்சு?" என்றான் கபிலன். பண்டிகை இல்லாத நாளில் அம்மா கூப்பிட்டால் யாருக்கோ ஏதோ ஆகிவிட்டது என்று பயந்திருக்கிறான். "ஒண்ணும் ஆகலடா கண்ணா, யாருக்கும் ஒண்ணும் ஆகல" என்று சொல்லும்போதே அவளுக்கு அழுகை முட்டியது. பிறகு கொட்டினாள், முன்னும் பின்னுமாக, நிவேதா, குதிரை, வேலி, கவிழ்த்து வைத்த சீட்டு, கட்டைவிரல், கண்ணாடி. "அப்பாவா?" என்று நடுவில் ஒரு தடவை கேட்டான், மூக்கால் ஒரு சிரிப்பு வந்து நின்றது. "அப்பாதான்டா. என் கண்ணால பார்த்தேன். இன்னைக்கு இதைச் செஞ்சவர் அன்னைக்கு எதையும் சொல்லியிருப்பார். நீ சொன்னதுதான்டா நிசம். உன்னை நம்பாம போயிட்டேனே. பாவி, பெத்தவ நானே நம்பலையே." அந்தப் பக்கம் குக்கர் விசில் ஒன்று வந்து அடங்கியது. "கபிலா?" என்றாள். "இருக்கேம்மா" என்றான். பிறகு, "அம்மா, அப்பா பொய் சொல்லலம்மா" என்றான்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. அவன் சொன்னது சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்துப் போனைக் காதோடு அழுத்தினாள். "என்னடா சொல்றே?" "வசந்த் சொன்னான்மா. குதிரையைக் கொடுத்துடுன்னு. அதேதான் சொன்னான். அப்பா காதுல சரியாத்தான் விழுந்துச்சு." கை அருகிலிருந்த ஸ்கூட்டர் இருக்கையில் பட்டுச் சுட்டது, எடுக்கத் தோன்றவில்லை. அப்படியானால். அப்படியானால் அன்றைக்கு அவர் சொன்னது நிசம், இன்றைக்கு அவர் செய்தது திருட்டு, பிள்ளை சொன்னது பொய், இப்போது சொல்வது நிசம். யாரை எங்கே வைப்பது? கொஞ்ச நேரத்துக்கு முன்னால் மாடியில் உடைந்து போனது ஒன்று என்றால், அதன் சில்லுகளை வைத்து அவசரமாகக் கட்டியதும் இப்போது சரிந்தது. "அப்போ ஏன்டா?" என்றாள். "அவர் செஞ்சது சரின்னா, நீ ஏன்டா இத்தனை வருஷமா வீட்டுப் பக்கமே வரல? எதுக்குடா எங்களை இப்படி வச்சே?" கபிலன் நிதானமாகச் சொன்னான். "அப்பா மேல கோபம் இருந்துச்சு. அது எப்பவோ போயிடுச்சும்மா. அவர் நடுவர். காதுல விழுந்துச்சு, சொன்னார். அவர் வேலை அது." நிறுத்தினான். "நீ கேப்பேன்னு இருந்தேன்மா. அன்னைக்கு ராத்திரி, மறுநாள், அதுக்கு மறுநாள். பண்ணியாடான்னு நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா, ஆமாம்மான்னு சொல்லி உன் மடியில விழுந்திருப்பேன். தயாராத்தான் இருந்தேன். நீ தோசைக்குத் தொட்டுக்க என்ன வேணும்னு கேட்டே."

மாடியிலிருந்து ஓவென்று ஒரு கூச்சல் எழுந்தது, கைதட்டல், "சார்! சார்!" என்று நிவேதாவின் குரல், மேசையில் யாரோ தட்டுகிற சத்தம். குதிரைகள் மோதிவிட்டன. சௌந்தரவல்லி நிமிர்ந்து பார்க்கவில்லை. கேட்கவே இல்லையா நான்? கேட்டிருப்பேனே. எந்த அம்மா கேட்காமல் இருப்பாள்? அந்த ராத்திரியை அவள் தடவித் தடவித் தேடினாள், அடுத்த நாளை, அந்த மாதத்தை, புனே ரயிலில் ஏற்றி விட்ட சாயங்காலத்தை. சாப்பிட்டியா, துண்டு எடுத்துக்கிட்டியா, சார்ஜர் வச்சியா, அப்பாகிட்ட சொல்லிட்டு வா. ஒவ்வொன்றிலும் அவள் குரல் இருந்தது, அந்த ஒன்று மட்டும் எங்கேயும் இல்லை. கேட்டால் அவரைச் சந்தேகப்பட்ட மாதிரி ஆகும் என்று விட்டாளா, பிள்ளை ஆமாம் என்று சொல்லிவிடுவான் என்று பயந்து விட்டாளா, அதுகூட அவளுக்கு இப்போது தெரியவில்லை. "அம்மா, இருக்கியா?" என்றான். "இருக்கேன்" என்றாள். பிறகு, யாரோ பிடித்துத் தள்ளின மாதிரி, "ஏன்டா அப்படிப் பண்ணுன?" என்று கேட்டாள். "இப்பவா கேக்குறே?" என்றான் அவன், குரல் உடைந்திருந்தது. "இப்பதான்டா கேக்குறேன். சொல்லு." அவன் அடுப்பை அணைக்கிற சத்தம் கேட்டது, நாற்காலியை இழுத்துப் போடுகிற சத்தம் கேட்டது. "அன்னைக்குக் காலையிலேயே எனக்குக் கை நடுங்கிட்டு இருந்துச்சும்மா" என்று அவன் சொல்லத் தொடங்கினான். அவள் வெயிலிலேயே நின்று கேட்டாள்.